நியூசிலாந்து போக எது தடை? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

படத்தில் பார்த்து ஆசைப்படுகிறவர்கள் நிறைய. டிக்கெட் விலை, விசா, குளிர் என்று நாலு பேரிடம் விசாரித்துவிட்டு தாய்லாந்துக்கே போய்விடுகிறவர்கள் அதைவிட நிறைய. அவர்கள் சொல்லும் தடைகளில் சில உண்மை, சில கேள்விப்பட்ட கதை. எங்கள் கணக்கில் பெரிய தடை பணமோ தூரமோ இல்லை. தப்பான மாதத்தில், போதாத நாட்களில், அரைகுறைக் காகிதங்களோடு கிளம்புவதுதான். கீழே டாலர் என்று வருவதெல்லாம் நியூசிலாந்து டாலர். தோராயமாக ஒரு டாலருக்கு 50 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டணங்கள் மாறக்கூடியவை, கட்டும் நாளில் அரசுத் தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

சென்னையிலிருந்து நேரடி விமானம் கிடையாதா?

கிடையாது. சென்னை மட்டுமல்ல, இந்தியாவின் எந்த ஊரிலிருந்தும் இல்லை. ஏர் இந்தியாவும் ஏர் நியூசிலாந்தும் 2025 மார்ச்சில் ஓர் ஒப்பந்தம் போட்டு, 2028 வாக்கில் நேரடிச் சேவை தொடங்குவதை ஆராய்வதாக அறிவித்தன. அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

தமிழ்நாட்டுக்காரர்களுக்கு உண்மையில் வசதியான வழி சிங்கப்பூர். சென்னையிலிருந்து நாலு, நாலரை மணி நேரம். அங்கிருந்து ஆக்லாந்துக்குச் சுமார் 10 மணி நேரம். இடையில் காத்திருப்பையும் சேர்த்தால் 17 முதல் 20 மணி நேரம். கோலாலம்பூர் வழியாகவும் போகலாம். டெல்லி, மும்பை போய் ஏறுகிறவர்களைவிட நமக்குத் தூரம் குறைவு என்பதை யாரும் சொல்வதில்லை.

உடம்பைவிட நாட்காட்டிதான் ஏமாற்றும். நியூசிலாந்து நம்மைவிட ஆறரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. செப்டம்பர் கடைசி ஞாயிறு முதல் ஏப்ரல் முதல் ஞாயிறு வரை கோடைக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் நகர்த்துவதால் அது ஏழரை மணி நேரமாகிவிடும். வெள்ளி இரவு சென்னையில் ஏறினால் ஆக்லாந்தில் இறங்கும்போது சனி இரவு ஆகியிருக்கும். அந்த ஒரு நாள் கணக்கில் இல்லை என்று எழுதிவிடுங்கள். திரும்பும்போது அந்த நேரம் கையில் வந்துவிடும்.

சிட்னி வழியாகப் போனால் டிக்கெட் மலிவாகத் தெரிகிறதே?

மலிவுதான், ஆனால் இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு ஆஸ்திரேலியாவில் விமானம் மாறவே தனி டிரான்ஸிட் விசா வேண்டும். கட்டணம் கிடையாது, 72 மணி நேரம் வரை செல்லும். ஆனால் முன்கூட்டியே விண்ணப்பித்து வாங்கியிருக்க வேண்டும். இது தெரியாமல் வந்தால் சென்னை கவுன்டரிலேயே போர்டிங் பாஸ் தரமாட்டார்கள். நியூசிலாந்து விசா இருக்கிறதே என்று வாதாடிப் பயனில்லை.

சிங்கப்பூரில் இந்தத் தொல்லை இல்லை. ஒரே டிக்கெட்டில், பெட்டி ஆக்லாந்து வரை நேராகப் போகும்படி போட்டிருந்தால், விமான நிலையத்துக்குள்ளேயே மாறிக்கொள்ளலாம். இரண்டு தனித்தனி டிக்கெட் வாங்கி, பெட்டியை வெளியே வந்து எடுத்து மறுபடி போட வேண்டிய நிலை வந்தால் கதை மாறிவிடும். அப்போது சிங்கப்பூருக்குள் நுழைய அனுமதி வேண்டும். நியூசிலாந்து விசா வைத்திருக்கும் இந்தியர்களுக்கு 96 மணி நேர இலவச நுழைவு என்று ஒரு ஏற்பாடு உண்டு. அதற்கும் நிபந்தனைகள் உண்டு, முடிவு அங்கே இருக்கும் அதிகாரி கையில்.

விசா எல்லோருக்கும் வேண்டுமா?

பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது என்பதைப் பொறுத்தது. இந்தியா, இலங்கைப் பாஸ்போர்ட் என்றால் வருகையாளர் விசா கட்டாயம். மலேசியா, சிங்கப்பூர், கனடா, பிரிட்டன் பாஸ்போர்ட் வைத்திருக்கும் தமிழர்களுக்கு விசா வேண்டாம், மின்னணுப் பயண அனுமதி போதும். செயலி வழியாக 17 டாலர், இணையதளம் வழியாக 23 டாலர், இரண்டு வருடம் செல்லும். வர 72 மணி நேரம்கூட ஆகலாம் என்பதால் கடைசி நாளில் உட்காராதீர்கள்.

இரண்டு வகையினரும் பயணி வரி என்று ஒன்றைக் கட்ட வேண்டும். 35 டாலராக இருந்தது, 2024 அக்டோபர் 1 முதல் 100 டாலர். அதே தேதியில் வருகையாளர் விசாக் கட்டணமும் 211-லிருந்து 341 டாலராக ஏறியது. நாலு பேர் குடும்பத்துக்கு வயிற்றைக் கலக்கும் தொகைதான். விசா மறுக்கப்பட்டால் விண்ணப்பக் கட்டணம் திரும்ப வராது என்பதால் முதல் தடவையே ஒழுங்காகப் போடுவதில்தான் சிக்கனம் இருக்கிறது.

விசா மின்னணு முறையில் வரும், பாஸ்போர்ட்டில் எதுவும் ஒட்டமாட்டார்கள். நாட்டை விட்டுக் கிளம்பும் தேதிக்குப் பிறகும் மூன்று மாதம் பாஸ்போர்ட் செல்லுபடியாக இருக்க வேண்டும்.

வங்கியில் எவ்வளவு காட்ட வேண்டும்?

விதிப்படி ஒருவருக்கு மாதம் 1,000 டாலர். தங்குமிடத்துக்கு முன்பே பணம் கட்டியிருந்தால் 400 டாலர். எண்ணைப் பார்த்தால் சின்னதாகத் தெரியும். அதிகாரி பார்ப்பது இந்த எண்ணை மட்டும் அல்ல. உங்கள் பயணத்திட்டத்தின் மொத்தச் செலவையும் உங்கள் வருமானத்தையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார். மாதம் 40,000 ரூபாய் சம்பளக்காரர் 8 லட்சம் ரூபாய்ச் சுற்றுலாவைத் திட்டமாகப் போட்டால், பணம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி தானாக எழும்.

எல்லாக் காகிதமும் கொடுத்தும் ஏன் மறுக்கிறார்கள்?

பெரும்பாலும் ஒரே காரணம்தான், வேறு வேறு சொற்களில் வரும்: திரும்பிப் போவீர்கள் என்று விசா அதிகாரிக்கு நம்பிக்கை வரவில்லை. எங்கே தவறுகிறது என்றால்:

வங்கிக் கணக்கு. ஐந்து மாதமாக 30,000, 45,000 என்று இருந்த இருப்பு, விண்ணப்பத்துக்குப் பத்து நாள் முன்பு ஒரே வரவில் 6 லட்சம் ஆகிறது. மைத்துனரிடம் கைமாற்று வாங்கிப் போட்டது என்று பார்த்தவுடனே தெரியும். உண்மையிலேயே நகைச் சீட்டு முடிந்ததோ, வைப்புநிதி முதிர்ந்ததோ, நிலம் விற்றதோ என்றால் அந்தச் சான்றையும், அதை விளக்கும் இரண்டு வரிக் கடிதத்தையும் சேர்த்துவிடுங்கள். விளக்கம் இல்லாத பணத்தைவிட விளக்கம் உள்ள குறைந்த பணம் மேல்.

வேலைக் கடிதம். "இவர் எங்கள் நிறுவனத்தில் பணிபுரிகிறார்" என்று மட்டும் இருந்தால் போதாது. எப்போது சேர்ந்தார், சம்பளம் எவ்வளவு, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை விடுப்பு அனுமதிக்கப்பட்டது, எப்போது வேலைக்குத் திரும்ப வேண்டும் என்பது இருக்க வேண்டும். சொந்தத் தொழில் செய்கிறவர்கள் ஜி.எஸ்.டி பதிவு, வருமான வரிக் கணக்கு, தொழில் கணக்கின் அறிக்கை கொடுப்பது வழக்கம்.

பயணத்திட்டம். ஏஜென்ட் எல்லோருக்கும் ஒட்டித் தரும் பொதுத் திட்டம் ஒன்று உண்டு: ஏழு நாளில் வடதீவு, தென்தீவு இரண்டும், தினமும் ஒரு ஊர். அதில் இருக்கும் தூரங்களை ஓட்டிப் பார்த்தால் நடக்காது. நடக்காத திட்டம் சுற்றுலாப் பயணியின் திட்டம் மாதிரி இராது.

மறைத்த மறுப்பு. முன்பு அமெரிக்காவோ கனடாவோ விசா மறுத்திருந்தால் சொல்லிவிடுங்கள். மறுப்பு ஒரு குறை, மறைத்தது வேறு வகைக் குற்றம். நியூசிலாந்து மறுத்தாலும் அதே கதைதான்: அடுத்த நாட்டின் படிவத்தில் அதை எழுத வேண்டியிருக்கும்.

விமான டிக்கெட்டையும் ஓட்டலையும் விசா வருமுன் திருப்பித் தராத கட்டணத்தில் வாங்காதீர்கள். ரத்து செய்யக்கூடிய முன்பதிவும் தெளிவான திட்டமும் போதும். இரண்டு, மூன்று மாதம் முன்பே விண்ணப்பியுங்கள். அக்டோபர் முதல் பிப்ரவரி வரை கூட்டம்.

பட்டா, பத்திரம் எல்லாம் தமிழில் இருக்கிறது. அப்படியே கொடுக்கலாமா?

கூடாது. ஆங்கிலத்தில் இல்லாத ஒவ்வொரு ஆவணத்துக்கும் சான்றளிக்கப்பட்ட மொழிபெயர்ப்பு வேண்டும். நீங்களே பெயர்த்து எழுதிக் கையெழுத்துப் போட்டது செல்லாது. பத்துப் பக்கப் பத்திரத்தை முழுக்க மொழிபெயர்க்கச் செலவு செய்வதற்கு முன்பு, அது உண்மையிலேயே தேவையா என்று யோசியுங்கள். சம்பளக் கணக்கும் விடுப்புக் கடிதமும் வலுவாக இருந்தால் நிலப் பத்திரம் கூடுதல் அலங்காரம்தான்.

பிள்ளைகளுக்கு மே மாதம் லீவு. அப்போது போகலாமா?

நியாயமான கேள்வி, வருத்தமான பதில். பூமத்திய ரேகைக்குத் தெற்கே பருவம் தலைகீழ். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை கோடை, ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குளிர்காலம். நம் மே மாதம் அங்கே இலையுதிர் காலத்தின் வால். தென்தீவின் குயின்ஸ்டவுனில் மே கடைசியில் மாலை ஐந்து மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். பெயர்பெற்ற நடைபாதைகளின் பருவம் அக்டோபர் கடைசியிலிருந்து ஏப்ரல் கடைசி வரைதான். மே வந்தால் மலைப்பாதையில் பனிச்சரிவு ஆபத்து. மலைகளுக்கு நடுவே கடல் நுழைந்து நிற்கும் மில்ஃபோர்ட் சவுண்ட் போகும் சாலையை மூடுவதும் உண்டு. அந்தச் சாலையில் மே முதல் நவம்பர் வரை டயருக்குச் சங்கிலி எடுத்துப் போக வேண்டியிருக்கும். கட்டத் தெரிந்திருக்கவும் வேண்டும்.

அதனால் மே மாதம் போகவே கூடாது என்றில்லை. டிக்கெட்டும் அறையும் மலிவு, கூட்டம் இல்லை. வடதீவில் ஆக்லாந்து, ரோட்டோருவாவின் வெந்நீர் ஊற்றுகள் என்று சுற்றினால் குளிர் தாங்கும். தென்தீவின் மலைகளைப் பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் தேர்வு முடிந்த கையோடு ஏப்ரல் பாதிக்குள் போய்விடுங்கள். அரோடவுன், வனாக்கா பக்கம் மரமெல்லாம் மஞ்சளாகி நிற்கும்.

தீபாவளியை ஒட்டிய விடுமுறை அங்கே வசந்தம். காற்றும் மழையும் மாறி மாறி வரும். டெகாப்போ ஏரிக்கரையில் ஊதாநிற லூப்பின் பூக்கள் நவம்பர் நடுவிலிருந்து டிசம்பர் வரைதான், தீபாவளிக்குப் போனவர்களுக்குக் கிடைக்காது. எங்களைக் கேட்டால் பிப்ரவரி கடைசியும் மார்ச்சும் தான் சிறந்தது. உள்ளூர்ப் பள்ளிகள் திறந்திருக்கும், வெயில் இருக்கும், விலை கொஞ்சம் இறங்கியிருக்கும். ஆனால் அது நம் ஊரில் தேர்வுக் காலம். பள்ளிப் பிள்ளைகள் இல்லாதவர்களுக்கு மட்டுமே இந்த யோசனை.

எத்தனை நாள் வேண்டும்?

பத்து நாள் இருந்தால் ஒரே தீவு. இரண்டையும் பார்க்க ஊர் போய் வரும் நேரம் தவிர்த்து 14 நாள் வேண்டும். ஆக்லாந்தில் இறங்கி கிறைஸ்ட்சர்ச்சில் ஏறும்படி டிக்கெட் போட்டால், வந்த வழியே திரும்பும் ஒரு நாளும் ஒரு உள்ளூர் விமானமும் மிச்சம். சிங்கப்பூரிலிருந்து இரண்டு ஊருக்கும் விமானம் உண்டு.

வரைபடத்தில் நாடு சின்னதாகத் தெரியும், சாலைகள் அப்படி இல்லை. குயின்ஸ்டவுனிலிருந்து மில்ஃபோர்ட் சவுண்ட் காக்கை பறக்கும் தூரத்தில் பக்கம். சாலையில் சுமார் 290 கிலோமீட்டர், ஒரு வழிக்கு நாலு மணி நேரம். நடுவில் மலைத்தொடர் நிற்கிறது, சுற்றித்தான் போக வேண்டும். ஒரே நாளில் போய் இரண்டு மணி நேரம் படகில் இருந்து திரும்பினால் பத்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். முந்தின இரவு டெ அனாவில் தங்கினால் 120 கிலோமீட்டர்தான். இந்த ஒரு மாற்றம் பயணத்தின் தன்மையையே மாற்றும்.

மழைக்காகவும் ஒரு நாள் ஒதுக்குங்கள். மில்ஃபோர்டில் ஆண்டுக்கு 6,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. சிரபுஞ்சி அளவு இல்லை, சென்னையைப் போல நாலு மடங்குக்கும் மேல். மழையில்தான் அருவிகள் நூற்றுக்கணக்கில் இறங்கும் என்பதால், மழை பெய்தால் படகை ரத்து செய்யாதீர்கள்.

செலவு எவ்வளவு ஆகும்?

விமானம் தவிர்த்து, தம்பதியாகப் போய், காரும் மோட்டல் அறையும் எடுத்து, ஒரு வேளை சமைத்துச் சாப்பிட்டால் நாளொன்றுக்கு இருவருக்கும் சேர்த்து 350 முதல் 450 டாலர் என்று வைத்துப் போடுங்கள். மோட்டல் அறை 150 முதல் 250, உணவகத்தில் ஒரு தட்டு 25 முதல் 35, காபி ஐந்து ஆறு டாலர்.

அங்கே மோட்டல் என்றால் நெடுஞ்சாலை லாட்ஜ் என்று நினைக்க வேண்டாம். சின்ன அடுப்பு, பாத்திரம், குளிர்பெட்டியோடு வரும் சுத்தமான அறை. குடும்பத்துக்கு ஓட்டலைவிட அதுதான் நல்லது. இன்னும் மலிவாக வேண்டுமானால் ஹாலிடே பார்க். பொதுச் சமையலறை இருக்கும்.

விலைப்பட்டியலில் 15 சதவீத ஜி.எஸ்.டி சேர்ந்தேதான் இருக்கும். விமான நிலையத்தில் அதைத் திரும்ப வாங்கும் வசதி கிடையாது. டிப்ஸ் எதிர்பார்க்கமாட்டார்கள். பொது விடுமுறை நாளில் உணவகங்கள் பில்லில் கூடுதல் சதவீதம் போடும், அது சட்டப்படி சரிதான். வாசலில் எழுதி வைத்திருப்பார்கள்.

இந்தியாவில் பேக்கேஜாக வாங்கினால் டி.சி.எஸ் என்று வருமான வரியில் ஒரு பகுதியை முன்கூட்டியே பிடிப்பார்கள். அது செலவு இல்லை, வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். ஆனால் கையில் இருக்கும் காசு அதுவரை முடங்கும், அதையும் கணக்கில் வையுங்கள்.

ஊறுகாய், பொடி, முறுக்கு கொண்டு போகலாமா?

அதிகம் பேர் மாட்டுவது இங்கேதான், அதனால் விரிவாகவே சொல்கிறோம்.

நியூசிலாந்தின் பிழைப்பே பால், இறைச்சி, பழம். கோமாரி நோய் அந்த நாட்டில் இதுவரை வந்ததில்லை. 2010-ல் ஒரு பாக்டீரியா நோய் நுழைந்து கிவிப்பழத் தோட்டங்களை அழித்த அனுபவம் இருக்கிறது. அதனால் உங்கள் பையில் இருக்கும் ஒரு ஆப்பிளை அவர்கள் பழமாகப் பார்ப்பதில்லை.

விதி எளிது: சாப்பிடக்கூடியது எதுவானாலும் நுழைவு அறிவிப்பில் 'ஆம்' என்று சொல்லுங்கள். அறிவித்த பொருளை அவர்கள் எடுத்துக்கொண்டாலும் அபராதம் இல்லை. அறிவிக்காமல் விட்டது கிடைத்தால் அந்த இடத்திலேயே 400 டாலர். மறந்துவிட்டேன், மனைவி வைத்தது, விமானத்தில் கொடுத்த பழம் என்பதெல்லாம் எடுபடாது. வேண்டுமென்றே கடத்தினால் வழக்கு, ஒரு லட்சம் டாலர் வரை அபராதம், ஐந்து ஆண்டு வரை சிறை.

கறிவேப்பிலை, பச்சை மிளகாய், பூ, பழம், தேங்காய் வேண்டாம். தேன் கூடவே கூடாது. பாலில் செய்த இனிப்பும் நெய்யும் சிக்கல், ஏனென்றால் இந்தியாவில் கோமாரி நோய் உண்டு. பால்கோவாவை இங்கேயே சாப்பிட்டு முடியுங்கள். கடுகு, வெந்தயம், மல்லி முழுதாக இருந்தால் முளைக்கும் விதை. அதே மல்லி தூளாக, கடையில் அடைத்த பாக்கெட்டில் இருந்தால் பொதுவாக விட்டுவிடுவார்கள். வீட்டுப் பொடியை லேபிள் இல்லாத டப்பாவில் கொண்டு போனால், அது என்ன என்று அதிகாரிக்கு விளக்குவதற்குள் பின்னால் வரிசை நீளும். ருத்ராட்ச மாலையும் விதைதான், சந்தன மாலை மரம்தான். காட்டினால் பார்த்துவிட்டுத் தந்துவிட வாய்ப்பு உண்டு. காட்டாமல் போட்டுக்கொண்டு போவதுதான் தப்பு.

செருப்பும் இதில் அடக்கம். தோட்டத்திலோ மலையிலோ போட்ட ஷூவின் அடியில் காய்ந்த மண் இருந்தால் நிறுத்துவார்கள். கிளம்புமுன் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் ஓட்டை ஓட்டையாகக் கழுவிக் காயவையுங்கள். நாட்டுக்குள்ளும் வடதீவின் கவுரி மரக் காடுகளின் வாசலில் ஷூவைத் துடைத்துக் கிருமிநாசினியில் நனைத்துவிட்டுத்தான் நுழைய வேண்டும். மண்ணில் பரவும் நோய் அந்த மரங்களைக் கொன்றுகொண்டிருக்கிறது.

நுழைவு அறிவிப்பு இலவசம். பயணம் தொடங்குவதற்கு 24 மணி நேரம் முன்பிருந்து இணையத்தில் நிரப்பலாம். காசு கேட்கும் தளம் எதுவானாலும் அது அரசுத் தளம் இல்லை.

சைவச் சாப்பாடு கிடைக்குமா?

ஆக்லாந்தில் பிரச்சினையே இல்லை. சாண்ட்ரிங்கம் தெருவில் இட்லி மாவு முதல் முருங்கைக்காய் வரை தேடலாம். வெலிங்டன், கிறைஸ்ட்சர்ச்சிலும் இந்தியக் கடைகள் உண்டு. அதற்கு அப்பால், குறிப்பாகத் தென்தீவின் மேற்குக் கரையில், மதிய உணவு சீஸ் சாண்ட்விச்சும் உருளைக்கிழங்கு வறுவலும்தான். சின்ன ஊரில் எட்டு மணிக்கு மேல் சமையலறை மூடிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். பெரிய ஊர் சூப்பர்மார்க்கெட்டில் அரிசி, பருப்பு, தயிர், காய் வாங்கி வண்டியில் போட்டுக்கொள்வதே வழி.

அங்கே கார் ஓட்டலாமா? பயமாக இருக்கிறது.

நம்மைப் போலவே இடப்பக்கம் ஓட்டும் நாடு. அமெரிக்கர்களும் ஐரோப்பியர்களும் தடுமாறும் இடத்தில் நமக்குச் சுலபம். ஆங்கிலத்தில் அச்சான இந்திய உரிமம் செல்லும். இருந்தாலும் ஆர்.டி.ஓ-வில் பன்னாட்டு அனுமதியும் வாங்கிக்கொள்ளுங்கள், வாடகை நிறுவனங்கள் சில கேட்கும். ஒரிஜினல் அட்டை கையில் இருக்க வேண்டும்.

நமக்குத் தடுமாற்றம் வேறு இடத்தில். முதலாவது, ஒற்றைப் பாலம். இருவழிச் சாலை திடீரென்று ஒரு வண்டி மட்டும் போகும் பாலமாகச் சுருங்கும். முன்னால் பலகையில் இரண்டு அம்புக்குறிகள். உங்கள் திசை அம்பு சிறியதாகச் சிவப்பில் இருந்தால் நின்று எதிர்வண்டிக்கு வழிவிட வேண்டும். பெரியதாக வெள்ளையில் இருந்தால் முன்னுரிமை உங்களுக்கு. லைட் அடித்து முந்திக்கொள்ளும் நம் பழக்கம் அங்கே விபத்து.

இரண்டாவது, வேகம். ஊருக்கு வெளியே 100 கிலோமீட்டர் அனுமதி என்றால் 100-ல் போகலாம் என்று பொருள் இல்லை. வளைவுக்கு முன் மஞ்சள் பலகையில் 35 என்று இருந்தால் அது உண்மையான 35. மெதுவாகப் போய்ப் பின்னால் ஐந்து வண்டி சேர்ந்துவிட்டால், இடப்பக்கம் ஒதுங்க இடம் வந்ததும் விட்டுவிடுங்கள். மூன்றாவது, இறங்கிய அன்றே ஓட்டுவது. பத்து மணி நேர விமானத்திலிருந்து நேராக ஸ்டீயரிங் பிடிக்க வேண்டாம். முதல் இரவு விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே தங்குங்கள்.

ஏழு வயது நிறையாத குழந்தைக்குத் தனி இருக்கை சட்டப்படி கட்டாயம், காரோடு சேர்த்துப் பதிவு செய்யுங்கள். மண் சாலையில் போனால் காப்பீடு செல்லாது என்று ஒப்பந்தத்தில் இருக்கிறதா பாருங்கள். குயின்ஸ்டவுன் பக்கத்து ஸ்கிப்பர்ஸ் சாலையும் வடக்கே தொண்ணூறு மைல் கடற்கரையும் வாடகைக் கார்களுக்குத் தடை. மில்ஃபோர்ட் போகுமுன் டெ அனாவில் டேங்கை நிரப்புங்கள். ஹோமர் சுரங்கத்தின் வாசலில் வண்டி காத்து நிற்கும்போது கியா என்ற மலைக்கிளி வந்து கண்ணாடி ஓரத்து ரப்பரைப் பிடுங்கும். அழகாகத்தான் இருக்கும், தீனி போடாதீர்கள்.

படுக்கை வைத்த கேம்பர்வேன் எடுத்தால் எங்கும் நிறுத்தித் தூங்கலாம் என்பது பழைய கதை. 2023-ல் வந்த சட்டப்படி, பொருத்தப்பட்ட கழிவறை உள்ள, சான்று பெற்ற வண்டிக்குத்தான் பல இடங்களில் அனுமதி. மீறினால் 400 டாலரிலிருந்து அபராதம். டீசல் வண்டி என்றால் கிலோமீட்டர் கணக்கில் சாலைக் கட்டணமும் தனியாக வரும்.

ஓட்டவே தெரியாது என்றால்?

ஊர்களுக்கு இடையே இன்டர்சிட்டி பேருந்து ஓடுகிறது. கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து கிரேமவுத் வரை 223 கிலோமீட்டர் மலையைக் கடக்கும் டிரான்ஸ்ஆல்பைன் ரயில் உண்டு. வெலிங்டனிலிருந்து பிக்டனுக்குப் படகு மூன்றரை மணி நேரம். நாள் சுற்றுலாப் பேருந்துகள் குயின்ஸ்டவுனிலிருந்து நிறைய. நேரம்தான் கூடுதலாகப் பிடிக்கும்.

விபத்து ஆனால் அந்நாட்டு அரசே பார்த்துக்கொள்ளுமாமே, காப்பீடு எதற்கு?

பாதி உண்மை. ஏ.சி.சி என்ற அரசு அமைப்பு 1974 முதல் இயங்குகிறது. விபத்துக் காயத்துக்கான சிகிச்சையில் சுற்றுலாப் பயணிகளுக்கும் உதவும். காலை முறித்துக்கொண்டால் சரி, நெஞ்சுவலி வந்தால் இல்லை. நோய்க்கு முழுச் செலவும் உங்களுடையது. ஊருக்குத் திருப்பி அழைத்து வரும் செலவையும் அது தராது. ஆகவே மருத்துவக் காப்பீடு எடுக்காமல் போகாதீர்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம் இருந்தால் மறைக்காமல் எழுதிய பாலிசியாக இருக்கட்டும். மலிவு பாலிசிகள் கழன்றுகொள்வது இந்த வரியில்தான்.

மாத்திரைகளை மருத்துவர் சீட்டோடு, அசல் பட்டையிலேயே கொண்டு போங்கள். மூன்று மாதத்துக்கு மேல் வேண்டாம். தூக்க மாத்திரை போன்ற கட்டுப்பாட்டு மருந்துகளுக்கு ஒரு மாத அளவுதான். அவசர எண் 111.

நிலநடுக்கம், எரிமலை என்று வீட்டில் பயப்படுகிறார்கள்.

பயத்துக்குக் காரணம் உண்டு. 2011 பிப்ரவரி 22-ல் கிறைஸ்ட்சர்ச் நிலநடுக்கத்தில் 185 பேர் இறந்தார்கள். 2019 டிசம்பர் 9-ல் வக்காரி தீவு எரிமலை வெடித்ததில் அங்கே சுற்றிப் பார்க்கப் போனவர்களும் வழிகாட்டிகளுமாக 22 பேர் இறந்தார்கள். ஆனால் பயணிகளை அன்றாடம் காயப்படுத்துவது சாலை, ஆறு, வானிலை. தெளிவான காலையில் டீ-சட்டையோடு டோங்கரிரோ மலை ஏறி, மதியம் மூடுபனியில் நடுங்குகிறவர்கள் எல்லாப் பருவத்திலும் உண்டு. மழைக்கோட்டும் கம்பளி உடையும் பையில் இருந்தே ஆக வேண்டும்.

கடற்கரையில் இருக்கும்போது நிலம் நீண்ட நேரம் அல்லது பலமாக அதிர்ந்தால், எச்சரிக்கைக்குக் காத்திராமல் மேட்டுக்கு ஏறுங்கள். 2004-ஐப் பார்த்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

வெயிலையும் லேசாக எடுக்காதீர்கள். கறுத்த தோலும் கோடையில் அங்கே எரியும். பாம்பு? நிலத்தில் ஒன்றுகூடக் கிடையாது. காட்டில் நிம்மதியாகக் கால் வைக்கலாம்.

அப்பா அம்மாவை அழைத்துப் போகலாமா?

தாராளமாக. உயரம் மூச்சைத் திணறடிக்கும் நாடு இல்லை. மிக உயர்ந்த அவுராகி சிகரமே 3,724 மீட்டர்தான், நீங்கள் நிற்கும் இடங்கள் பெரும்பாலும் அதில் கால்வாசி உயரம்கூட இராது. மில்ஃபோர்ட் படகு, டெகாப்போ ஏரி, ரோட்டோருவா எல்லாம் அதிகம் நடக்காமல் பார்க்கக்கூடியவை. ஒரு நாளில் நாலு மணி நேரத்துக்கு மேல் காரில் உட்கார வைக்காதீர்கள், ஒவ்வோர் ஊரிலும் இரண்டு இரவு தங்குங்கள். விமானத்தில் சக்கர நாற்காலி உதவியை டிக்கெட் போடும்போதே கேட்டுவிடுங்கள். சிங்கப்பூரில் முனையம் மாறும் தூரம் நீளம்.

தமிழ் ஆட்கள் இருக்கிறார்களா?

இருக்கிறார்கள், ஈழத்திலிருந்து போனவர்கள் கணிசம். வெலிங்டனின் நியூலாண்ட்ஸ் பகுதியில் குறிஞ்சிக் குமரன் கோயில் இருக்கிறது. அதைவிடப் பழைய தொடர்பு ஒன்று உண்டு. 1836 வாக்கில் வில்லியம் கொலென்சோ என்ற பாதிரியார், மாவோரி மக்கள் ஒரு வெண்கலப் பாத்திரத்தில் கிழங்கு வேக வைப்பதைப் பார்த்தார். அது மேல்பகுதி மட்டும் மிஞ்சிய கப்பல் மணி. விளிம்பைச் சுற்றித் தமிழ் எழுத்து: முகையதீன் பக்சு என்பவருடைய கப்பலின் மணி என்று. எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. இப்போது வெலிங்டனின் தெ பாப்பா அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது.

கடைசி நேரத்தில் மறந்துபோகும் சாமான்கள்?

பிளக் மாற்றி. அங்கே சாய்ந்த தட்டைக் கம்பிகள் கொண்ட பிளக், நம்முடையது நுழையாது. மின்னழுத்தம் ஒன்றேதான். மேற்குக் கரையில் ஹாஸ்ட் பக்கம் செல்போன் சிக்னல் மணிக்கணக்கில் வராது, வரைபடத்தை முன்பே இறக்கிவிடுங்கள். மில்ஃபோர்ட் கரையில் சாண்ட்ஃப்ளை என்ற குட்டி ஈ மொய்க்கும். 1773-ல் டஸ்கி சவுண்டில் நங்கூரமிட்ட கேப்டன் குக்கே இதைப் பற்றிப் புலம்பியிருக்கிறார். கொசுவைப் போலப் பறந்து தப்பாது, உட்கார்ந்து கடிக்கும், அரிப்பு ஒரு வாரம் போகாது. கணுக்காலை மூடும் காலுறையும், அங்கேயே மருந்துக்கடையில் கிடைக்கும் பூச்சி விரட்டியும் வாங்கிக்கொண்டு படகுத்துறைக்குப் போங்கள்.